தங்கபுஷ்பம் வீட்டு நடுச்சுவர்

தூத்துக்குடி உப்புக்கிட்டங்கித் தெருவில் ஒரு ஆளை நம்பலாமா கூடாதா என்று தெரிய வேண்டுமானால் அவனைத் தங்கபுஷ்பம் வீட்டு நடுச்சுவரில் சாய்ந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் போதும் என்று ஆகிப்போனதே, அதற்கு ஆறு மாதம் முன்னால் அந்த வீட்டில் நடுச்சுவர் என்று ஒன்றே கிடையாது. கிழக்கே தெருவைப் பார்த்து ஒரு வாசல், மேற்கே மடத்துச் சந்துப் பக்கம் பார்த்து ஒரு வாசல், இரண்டுக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரே ஹால். அந்த ஹாலில் தங்கபுஷ்பமும் அவள் தம்பி குணசிங்கும் அவன் பெண்டாட்டி லில்லிபாயும் ஒரே உலையில் பொங்கி ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, மறுபடியும் சாப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் லேசுப்பட்டவள் இல்லை. துறைமுகத்து ரயில் பாதை ஓரமாகக் கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஒட்டிய ஆணியையும் நட்டையும் எடைக்குப் போட்டுத் தம்பியைப் பத்தாவது வரை படிக்கவைத்தவள். கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் போய், ஐம்பத்தெட்டு வயதில் பழைய இரும்புக் கடைக்கும் பெரிய வீட்டுக்கும் சொந்தக்காரியாக நின்றாள். பேரத்தில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் பேசாமல் இருப்பாள், அப்புறம் கத்துவாள், அப்புறம் எழுந்து விறுவிறுவென்று போய்விடுவாள். போகும்போது கறுப்புக் குடையை மறந்த மாதிரி வைத்துவிட்டுப் போவாள். ஐந்து நிமிஷம் கழித்துக் குடையை எடுக்க வந்தவள் போல வந்து நின்றால் எதிராளி பாதி இறங்கியிருப்பான். அந்தக் குடை மழைக்கு விரிந்ததே இல்லை என்று தெருவில் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவளின் தம்பி, உடைத்த கப்பலிலிருந்து வந்த பதினோரு கிலோ பித்தளை மணியை, அக்காள் ஐந்து மாதமாகக் கன்னியாகுமரி ஓட்டல்காரன் ஒருவனிடம் வாராவாரம் விலையேற்றிப் பேசிக்கொண்டிருந்த மணியை, அவள் ஊரில் இல்லாத ஒரு மத்தியானம், அதே ஓட்டல்காரன் நேரில் வந்து கேட்டான் என்பதற்காக, அவன் சொன்ன முதல் விலைக்கே, அதாவது பாதி விலைக்கு, டீ வேறு வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

"பாதிக்குக் குடுத்தது கூட போகட்டும்," என்று ஹாலின் நடுவில் நின்று கத்தினாள் தங்கபுஷ்பம். "ஒரு வார்த்த பேரம் பேசினியாலே? ஒரே ஒரு வார்த்த?"

"பாவமா கேட்டாருக்கா."

"பாவமா கேட்டாரா! பேரம் பேசாம விக்கவன் எனக்குத் தம்பியே இல்ல. இந்த ஹாலுக்கு நடுவுல சுவர் வைக்கேன். அந்தால நீ இரு, இந்தால நான் இருக்கேன். செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"சரிக்கா," என்றான் குணசிங். அதற்கும் அவன் பேரம் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஹாலுக்கு அடியில் மூடிய கிணறு ஒன்று இருந்ததால் செங்கல் பாரம் தாங்காது, ஜிப்சம் போர்டு வைத்துத்தான் மறைக்க முடியும் என்று ஆகிவிட்டது. போர்டு வேலைக்கு நம்பிக்கையான ஆள் தேட இறங்கியபோதுதான், ஊரையே விலை பேசி வாங்கிய தங்கபுஷ்பத்துக்கு ஊரில் எத்தனை விதமான திருடன் இருக்கிறான் என்று தெரிந்தது. முதல் ஆள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனான், போனை அணைத்தான். இரண்டாவது ஆள் ஒரு அடிக்கு ஒன்று அடிக்க வேண்டிய ஸ்க்ரூவை மூன்று அடிக்கு ஒன்று அடித்துவிட்டுப் போக, மின்விசிறியைப் போட்ட காற்றுக்கே சுவர் மல்லாந்தது. மூன்றாவது ஆள் டைட்டஸ்; கழுத்தில் தடித்த செயின், பேச்சில் தேன். ஈரம் தாங்குகிற போர்டு பச்சையாக இருக்கும், அதைத்தான் போடுகிறேன் என்று பச்சையாகவே போட்டான். ஜன்னல் வழியாக அடித்த முதல் மழைச் சாரலில் பச்சை மொத்தமும் அவள் வெள்ளைச் சேலையில் ஒட்டிக்கொண்டது. சாதா போர்டுக்கு வாளியில் சாயம் கரைத்து அடித்திருந்தான்.

கப்பலையே உடைத்து விற்றவளைச் சாயம் அடித்து ஏமாற்றிவிட்டான் என்று தெரு சிரித்தது. அவள் அந்தச் சுவரைத் தானே கடப்பாரையால் குத்திப் பிரித்துப் போட்டுவிட்டு, நாலாவதாக அணைந்தபெருமாளைக் கூப்பிட்டாள்.

அணைந்தபெருமாள் ஒல்லியான மனுஷன், கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். ஹாலை இரண்டு தடவை அளந்தார், காதில் செருகிய பென்சிலை எடுத்து உள்ளங்கை அகல நோட்டில் எழுதினார், ஒரு தொகையைச் சொன்னார். தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அதில் பாதியைச் சொன்னாள். அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"என்னவே கிளம்புதீரு? நான் பாதி சொன்னா நீரு முக்கால் சொல்லணும். அதானவே முறை?"

"முக்காலுக்கு முக்காச் சுவர்தான்க்கா வரும்."

"ஒரு ரூவா கூட குறைக்க மாட்டீரா? அப்ப நீரு பெரிய களவாணிவே. குறைக்கவன்கிட்டயாவது எவ்வளவு பொய் சொன்னாம்னு தெரியும். உம்மகிட்ட அதுவும் தெரியலயே!"

அவர் பையைத் தோளில் மாட்டினார். தங்கபுஷ்பம் பழக்க தோஷத்தில் எழுந்து விறுவிறுவென்று தன் வீட்டிலிருந்து தானே வெளியேறித் தெருமுக்கு வரை போய்விட்டாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

"எக்கா, குடைய விட்டுட்டியளே."

முப்பது வருஷத்தில் அந்தக் குடையை அவள் பின்னால் கொண்டுவந்து கொடுத்த முதல் ஆள் அவர்தான். அவளுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. இருந்தாலும் விடாமல், அவர் வேலை பார்த்த மூன்று வீட்டுக்கும் போய் விசாரித்தாள். மூன்று வீட்டிலும் வேலை சுத்தம், சொன்ன நாளில் முடித்தார், குப்பையைக் கூட அவரே அள்ளிப்போனார் என்றார்கள். மூன்று வீட்டிலும் அவளை வாசல் வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்தி, "சாஞ்சு நின்னு மட்டும் பேசிராதீங்க" என்றார்கள்.

"ஏன், போர்டு மெல்லிசா?"

"போர்டெல்லாம் கெட்டிதான்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆறு நாளில் சுவர் எழுந்தது. இரும்புச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் அசல் பச்சைப் போர்டு அடித்து, தம்பியின் இருமல் கூடக் கேட்கக் கூடாது என்று அவள் சொன்னபடி நடுவில் பஞ்சு திணித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, மூன்று பூச்சுப் பட்டி பார்த்து, ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள் விட்டு, கடைசியில் வெள்ளை அடித்தார். கை வைத்துத் தடவினால் கோழி முட்டை தோற்றது.

"இருமல் கேக்காதுல்லா?"

"முக்கால்வாசி நிக்கும். மிச்சம் வரத்தான் செய்யும்க்கா."

"சுவர் நிக்குமா?"

"சுவர் நிக்கும். நம்ம நிக்கதும் நிக்காததும் நம்ம பாடு," என்று சொல்லிவிட்டு, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் மதுரையிலிருந்து செம்புக் கம்பி வாங்க வந்த வியாபாரி ஒருவன் தங்கபுஷ்பத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, களைப்பில் நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து, "சத்தியமா சொல்றேன்க்கா, இதுக்கு மேல என்கிட்ட ஒத்தப் பைசா கிடையாது" என்றான். சொன்னவன் அங்கே இல்லை. சுவரில் ஓட்டையும் இல்லை, கீறலும் இல்லை. அந்தப் பக்கம் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த லில்லிபாய், சுவரிலிருந்து மல்லாக்க வந்து விழுந்தவனைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவரை வா என்று கேட்பதுதானே மரியாதை என்று, "வாங்க, காபி குடிக்கியளா?" என்றாள். அவன் குடித்தான். சந்து வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிவந்து, பேசாமல் மடியை அவிழ்த்து, தங்கபுஷ்பம் கேட்ட தொகையைக் கொடுத்துக் கம்பியை எடுத்துக்கொண்டு போனான்.

இந்தச் செய்தியைத் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தண்ணி லாரி வரும் நேரம் மாறியதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்றுதான் கேட்டார்கள். பிளம்பரை வேலைக்கு வைக்கிறவர்கள் முதலில் அவனைச் சுவருக்குக் கூட்டிவந்து, "குழாய் அசல்தானா, சாஞ்சுக்கிட்டுச் சொல்லு" என்றார்கள். எலக்ட்ரீசியன்கள் வந்தார்கள், பெயிண்டர்கள் வந்தார்கள், கிணறு தோண்டுகிறவர்கள் வந்தார்கள். விழாமல் நின்றவர்களுக்கு அன்றைக்கே அடுத்தடுத்து நாலு வீட்டு வேலை கிடைத்தது. விழுந்தவர்கள் சந்து வழியாக மீன் மார்க்கெட் பக்கம் நழுவினார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, குடிப்பழக்கம் உண்டா என்று சாயவைத்துக் கேட்டார். ஒரே வாரத்தில் ஏழு மாப்பிள்ளைகள் லில்லிபாய் கையால் காபி குடித்தார்கள். திருடனைக் கூட்டிவந்த போலீஸ்காரர், "எப்படிச் சாயணும்னா, பாரு, இப்படி" என்று தானே சாய்ந்து காட்டி, "நான் யார்கிட்டயும் கை நீட்டினது கிடையாது, நீயும் உண்மையச் சொல்லு" என்றவர் அந்தப் பக்கம் போய்விட்டார்; திருடன் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியே போனான். வார்டு கவுன்சிலர் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

விழுகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளாமலிருக்க லில்லிபாய் அந்தப் பக்கம் தேங்காய்நார் மெத்தை ஒன்று விரித்தாள். அப்புறம் காபிக்குக் காசு வாங்கினாள். அப்புறம் வடை போட்டாள். தெருவில் சிலர் வடைக்காகவே பொய் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இவ்வளவு நடக்கும்போதும் தெரு ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தது. தங்கபுஷ்பம் மட்டும் அந்தச் சுவரிலிருந்து எப்போதும் இரண்டடி தள்ளியே நிற்பாள். பேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'இதுதான் கடைசி விலை' என்று சொல்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். "நீங்களும் ஒரு தரம் சாயறதுதானக்கா?" என்று மாவு மில் செல்லப்பாண்டி கேட்டதற்கு, "எனக்குச் சோலி கிடக்குவே, உம்ம மாதிரியா?" என்று எரிந்து விழுந்தாள்.

அந்தப் பக்கத்தில் குணசிங் தினமும் சாயங்காலம் அதே சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசாதவனைச் சுவர் ஒன்றும் செய்யவில்லை.

தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது, அவன் வீட்டுச் சேதி காதில் விழக் கூடாது என்று வைத்த சுவர் வழியாக ஊரே போய்வந்துகொண்டிருந்தது. போனவனெல்லாம் சுற்றிவந்து, "தம்பி இளைச்சிட்டாரே", "தம்பி வீட்ல இன்னைக்கு ரசம் மட்டும்தான் போல" என்று சேதி சொன்னான். அணைந்தபெருமாளைக் கூப்பிட்டு நிறுத்திக் கத்தினாள்.

"சுவர் வைக்கச் சொன்னா சல்லடை வச்சிருக்கீரேவே!"

அவர் சுவரை விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்தார். முழு உடம்பையும் சாய்த்து நின்றார். "என் பேரு அணைந்தபெருமாள். இந்தச் சுவர்ல ஒரு குறையும் இல்ல. பசிக்குது," என்றார். சுவர் அசையவில்லை.

"ஒருத்தனும் விழாத மாதிரி மாத்தி வைக்க முடியுமா முடியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது இப்படித்தான்க்கா. வேற மாதிரி வேணும்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அவர் போனபிறகு அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க வழி தெளிவாகத் தெரிந்தது. நல்லவன் வைத்த சுவர் பொய்யனைத் தாங்கவில்லை. அப்படியென்றால் பொய்யனைத் தாங்குகிற சுவரை ஒரு பொய்யன்தானே வைக்க முடியும்? நாலு மாதம் நாயாக அலைந்து யோக்கியனைத் தேடியவள், இப்போது தெருத்தெருவாக நல்ல களவாணி ஒருத்தனைத் தேடினாள். ரொம்பத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. டைட்டஸை அந்தச் சுவரிடம் யாரோ கூட்டிவர, "நான் அசல் பச்சைதான் போட்டேன்" என்று அவன் வாயைத் திறந்த மாத்திரத்தில் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது ஊருக்கே தெரியும். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேண்டும்?

டைட்டஸ் வந்தான். இரண்டு பங்கு விலை சொன்னான். தங்கபுஷ்பம் கால் பங்கு சொன்னாள். அவன் அழுதான், அவள் கத்தினாள், அவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றான், அவள் குடையை வைத்துவிட்டுப் போனாள், வந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

"ஒரு காரியம்க்கா," என்றான் டைட்டஸ், சுவரிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டே. "இது ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்லா? பிரிக்கதுக்குத் தம்பியும் சம்மதம் சொல்லணும். நாளைக்கு என் மேல கேஸ் வந்துரக் கூடாது."

அவள் இரண்டடி தள்ளி நின்றபடியே கத்தினாள். "ஏலே குணசிங்! இந்தச் சுவரப் பிரிச்சிட்டு வேற வைக்கப் போறேன். உனக்குச் சம்மதமா?"

உள்ளே திணித்த பஞ்சில் பதில் முக்கால்வாசி நின்றுவிட்டது. ஏதோ முனகல்தான் கேட்டது. "என்னலே?" என்று கேட்டுக்கொண்டே கோபத்தில் முன்னால் வந்து, இரண்டு கையையும் காதையும் சுவரில் பதித்தாள். அந்தப் பக்கம் அவன் வழக்கம்போல முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஆளு விழாத சுவரு! ஒரு சேதியும் வராது! எனக்கு உன் மூஞ்சியப் பாக்க ஒரு ஆசையும் இல்ல, கேட்டியா?"

"எனக்கும்தான்," என்றான் குணசிங், அவள் முடிக்கும் முன்பே.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னதால் ஒரே சமயத்தில் போனார்கள். அவள் தேங்காய்நார் மெத்தையில் குப்புற விழுந்தாள்; அவன் அவள் ஹாலில் டைட்டஸின் காலடியில் மல்லாந்து கிடந்தான். நடுவில் சுவர் அப்படியே நின்றது, இப்போதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. டைட்டஸ் அட்வான்ஸ் கூட வாங்காமல் தெருவாசல் வழியாக ஓடினான். அவன் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மைனி, காபி குடிக்கியளா?" என்றாள் லில்லிபாய்.

தங்கபுஷ்பம் எழுந்து சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே கொக்கியில் பித்தளை மணி தொங்கியது. அதே மணி. பதினோரு கிலோ.

"இது எப்படிட்டீ இங்க?"

"போன மாசம் கன்னியாகுமரி போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துட்டாவ. உங்ககிட்ட குடுக்கப் பயந்துக்கிட்டு வச்சிருக்காவ."

"என்ன விலைக்கு?"

"வித்ததுக்கு ரெண்டு பங்கு. ஓட்டல்காரர் சொன்னத அப்படியே குடுத்துட்டாவ."

தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் அதில் ஊன்றி, அதுவரை உப்புக்கிட்டங்கித் தெரு கேட்டிராத வசவுகளாகப் பொழிந்தாள். ஏலே மடையா, விக்கும்போதும் பேரம் பேசல, வாங்கும்போதும் பேரம் பேசல, உன்னப் பெத்தாங்களா செஞ்சாங்களா என்று தொடங்கி மூச்சு வாங்கும் வரை திட்டினாள். அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லாததால் சுவர் அவளை அசைக்காமல் தாங்கிக்கொண்டது.

அந்தப் பக்கத்தில் குணசிங் அக்காள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தான். தனியாள் வீடு. ஆனால் அடுப்பில் பழைய பெரிய உலைப் பானை, மூன்று பேருக்கு ஆகும் சோறு. சட்டியில் அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அதுவும் அவளுக்கு ஆகவே ஆகாத கத்தரிக்காய் போட்டு. மிஞ்சுவதையெல்லாம் இத்தனை நாளாக யாருக்குப் போட்டாள் என்று யோசித்தான்; தெரு நாய்கள் எல்லாம் ஏன் கொழுத்திருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து சாப்பிட்டான்.

"குழம்பு எப்படிலே இருக்கு?" என்று பஞ்சைத் தாண்டி மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"வாயில வைக்க விளங்கல," என்றான் குணசிங்.

தட்டோடு வந்து அவள் மடியில் விழுந்தான்.

மறுநாள் அணைந்தபெருமாளுக்கு ஆள் போனது. நடுச்சுவரில் ஒரு கதவு வைக்கவேண்டும். சுவர் இருக்கட்டும், ஊருக்கு வேண்டியிருக்கிறது, லில்லிபாயின் வடைக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் அக்காளும் தம்பியும் போக வர ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர் அளந்தார், நோட்டில் எழுதினார், தொகையைச் சொன்னார். தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"பாதி தாரேன்வே."

"தொகை அதான்க்கா."

"ஏவே, தெரிஞ்ச வீடு, ரெண்டாவது வேல, உமக்குத்தான் எத்தன ஆளு பிடிச்சுக் குடுத்திருக்கேன், கண்ணுல கொஞ்சம் ஈரம் வேண்டாமா?" என்று கத்தினாள். அவர் பென்சிலைக் காதில் செருகினார். அவள் குடையை நாற்காலியில் வைத்தாள், எழுந்தாள், வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தாள். இந்த மனுஷன் குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவானே என்ற நினைப்பு வந்ததும் நின்றாள். வேறு வழி தெரியாமல், உலகத்துக் களைப்பெல்லாம் தனக்கு வந்தவள் போலப் பெருமூச்சு விட்டு, முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

"நம்பும்வே. பாதிக்கு மேல என்கிட்ட சல்லி கிடையாது."

அந்தப் பக்கம் மெத்தை தொப்பென்றது. குணசிங் சிரிக்கும் சத்தமும், ஒரு தடவை மணி அடித்த சத்தமும் கேட்டது. அணைந்தபெருமாள் எழுந்து, அவள் சாய்ந்திருந்த இடத்துக்குப் போய், தலைக்கு மேலே ஒரு கோடும் தோளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோடும் பென்சிலால் இழுத்து, கதவு எங்கே என்று குறித்துக்கொண்டார். அப்புறம் நாற்காலியில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்தவர், ஒரு கணம் யோசித்து, அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அவள் வருவதற்காகக் காத்து உட்கார்ந்தார்.